குளமும் குழியும்

மண்ணைத் தோண்டுதல் வன்னி மாந்தருக்குப் புதியதொரு தொழிலன்று. ஓரிடத்து மண்ணை வெட்டி மற்றோரிடத்தில் அணையாகக் கட்டி, மாரியிலே கடலை நோக்கியோடும் நீரைத் தடுத்து, கோடையிலே நெல்லுக்கும் கால்நடைக்கும் கிணற்றுக்கும் பகிர்ந்தளிக்கும் கலையை அந்நிலத்தார் தலைமுறை தலைமுறையாகப் பயின்று வந்துள்ளனர். கனகராயன்குளம், புளியங்குளம், அக்கராயன்குளம், வவுனிக்குளம் என ஊரின் பெயரும் குளத்தின் பெயரும் ஒன்றாகவே வழங்குவது இதற்குச் சான்றாகும். குளம் தோண்டப்பட்ட பின்னரே ஊர் தோன்றிற்று. குளம் உடைந்தபோது ஊரும் கலைந்தது.

ஆனால், 2009 இல் போர் முடிவுற்றதன் பின்னர் இந்நிலத்திலே மற்றொரு வகைத் தோண்டுதல் பெருகியுள்ளது. ஆற்றிலே மணல், காட்டோரங்களிலே கிரவல், கரையோரத்திலே சுண்ணக்கல் என அகழ்ந்தெடுக்கப்படும் பொருள் டிப்பர்களில் ஏறி ஊரைவிட்டகலுகின்றது, எஞ்சுவது குழி. குளமும் தோண்டப்படுவதே, குழியும் தோண்டப்படுவதே. எனினும், முன்னது நீரை ஊருக்குள் நிறுத்துவது. பின்னது நிலத்தை ஊருக்கு வெளியே அனுப்புவது. இவ்வேறுபாட்டினை மறைப்பதற்கு ‘அகழ்ந்த நிலம் மீளமைக்கப்படும்’ என்னும் வாக்குறுதி ஒரு திரையாகப் பயன்பட்டு வருகின்றது. அத்திரை விலக்கப்படல் வேண்டும். முன்னர் தோண்டிய குழியை மீளமைத்துக் காட்டாத நாட்டிலே, புதிய குழி தோண்டுவதற்கு வழங்கப்படும் எவ்வாக்குறுதியும் செல்லாக் காசே என்பது வடபுலத்தின் அண்மைக்கால வரலாறு கற்பிக்கும் பாடமாகும்.

இரு நீர்களுக்கிடையே ஓர் ஊர்

கிளிநொச்சி நகருக்கு மேற்கே அமைந்த உருத்திரபுரத்தை எடுத்துக்கொள்ளலாம். உருத்திரபுரீஸ்வரர் ஆலயத்தாலும் அதன் சூழலிற் காணப்படும் தொல்லெச்சங்களாலும் பழைமை பெற்ற இவ்வூர், குடியேற்றத் திட்டங்களாலே புத்துயிர் பெற்ற வேளாண் கிராமமுமாகும். இதன் வயல்கள் இரணைமடு நீரை நம்பியவை. கனகராயன் ஆற்றை மறித்து இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கட்டப்பெற்ற இரணைமடுக் குளம், 20,000 ஏக்கருக்கு மேற்பட்ட நெல்வயலுக்கு நீர் தருவது. இவ்வாறு நன்னீர் ஒருபுறமிருந்து வர, மறுபுறத்தே யாழ்ப்பாணப் பரவைக்கடலின் உவர்நீர் தாழ்நிலங்களின் ஓரம் வரை வந்து நிற்கின்றது. நன்னீருக்கும் உவர்நீருக்கும் இடையே நிற்கும் வேலி மண்ணேயன்றி வேறில்லை.

இவ்வேலியின் இயல்பினைப் பௌதிகவியல் தெளிவாக விளக்குகின்றது. கடலோர நிலத்தடியில் நன்னீர், கனமான உவர்நீரின்மீது மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி உயர்ந்து நிற்பின், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை அது உவர்நீரைத் தடுத்து நிறுத்தும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கைபன் என்பவரும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹேர்ஸ்பேர்க் என்பவரும் தனித்தனியே கண்டறிந்த விதி இது. இவ்விதியின் மறுபக்கமே அச்சந் தருவது. மேலேயுள்ள நன்னீரில் 1 அடி குறையுமாயின், கீழேயிருந்து உவர்நீர் ஏறத்தாழ 40 அடி மேலெழுவதற்கு வழி பிறக்கின்றது. மண்ணை அகழ்பவர் அகழ்வது சில அடி ஆழமே எனலாம். ஆனால் கிணற்றின் அடியிலே நிகழும் மாற்றத்தை அவருடைய அளவுகோல் காட்டுவதில்லை. உருத்திரபுரம் முதலிய கிராமங்களிலிருந்து மண்ணகழ்வுக்கெதிராக எழும் முறைப்பாடுகளைப் ‘படியாத மக்களின் அச்சம்’ எனத் தள்ளுவோர், இவ்விதியைப் படித்திருந்தும் மறந்தவராதல் வேண்டும்.

மணலும் வெறும் கட்டடப் பொருளன்று. அது ஆற்றின் சேமிப்பறை. மாரியில் ஓடிய நீரின் ஒரு பகுதியை மணற்படுகை உள்வாங்கி, இரு கரைகளிலுமுள்ள கிணறுகளுக்கு மெல்ல மெல்ல வழங்குகின்றது. படுகை தாழ்ந்தால் கிணற்று நீரும் தாழும், கரை சரியும், பாலங்களின் அடித்தளம் வெளிப்படும். ‘வெள்ளம் வந்தால் மணல் தானே வந்து சேரும்’ என்னும் மறுமொழி அடிக்கடி கூறப்படுகின்றது. தடையின்றி ஓடும் ஆற்றுக்கு அது ஓரளவு பொருந்தலாம். அணைக்கட்டுக்குக் கீழேயுள்ள ஆற்றுக்கு அது பொருந்தாது. மேல்நிலத்திலிருந்து வரும் மணலிற் பெரும்பகுதியைக் குளமே தன் மடியில் தடுத்துக்கொள்கின்றது. எனவே இரணைமடுவுக்குக் கீழே கனகராயன் ஆற்றிலிருந்து அள்ளப்படும் மணல், பெரும்பாலும் திரும்பி வராத மணலாகும். முதலிலிருந்து எடுத்துச் செலவிடுபவர் அதனை வட்டியென எண்ணுவது போன்றதே இவ்வாதம்.

காங்கேசன்துறை கூறும் சாட்சி

வருங்காலத்தைப் பற்றிய வாக்குறுதிகளை மதிப்பிடுதற்குச் சிறந்த வழி கடந்தகாலத்தை நோக்குவதாகும். வடபுலத்திலே பேரளவில் நிகழ்ந்த அகழ்வுக்குக் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை சான்றாகின்றது. 1950 இல் இயங்கத் தொடங்கிய அத்தொழிற்சாலை, சூழவுள்ள சுண்ணக்கல்லை 40 ஆண்டுகள் அகழ்ந்து நாடெங்கும் வீடுகளையும் பாலங்களையும் எழுப்பிற்று. பல்லாயிரவர் அதனால் உணவுண்டனர் என்பதையும், வடபகுதியின் பெருமைக்குரிய தொழில்நிலையமாக அது விளங்கியதென்பதையும் மறுத்தல் நன்றியாகாது. ஆயினும், 1990 இல் போரின் காரணமாக அது மூடப்பட்டபோது எஞ்சியது யாது? இயந்திரங்கள் போயின, சம்பளம் போயிற்று, குழிகள் மாத்திரம் கடலுக்கு அண்மையிலே வாய்பிளந்து கிடந்தன.

‘போர் வந்தது, ஆதலால் மீளமைக்க இயலவில்லை’ என இதற்கு விடை கூறப்படுகின்றது. இவ்விடையைச் சிறிது நின்று ஆராய்தல் வேண்டும். நிலமீளமைப்பு என்பது அகழ்வு முற்றுப்பெற்ற பின்னர் இறுதியிலே செய்யப்படும் சடங்கன்று. ஒரு பகுதியில் அகழ்வு நடைபெறும்போதே, முன்னர் அகழ்ந்து முடித்த பகுதியை மூடிச் சரிவமைத்து மரம் நாட்டிச் செல்வதே முறையான அகழ்வாகும். அவ்வாறு நிகழ்ந்திருப்பின், போர் வருமுன்னரே பெரும்பாலான குழிகள் மூடப்பட்டிருக்கும். அக்காலத்திலே சட்டம் அதனைக் கட்டாயப்படுத்தவில்லை என்பது உண்மை. ஆனால் போர் தந்த பாடம் அதனினும் பெரிது. நிறுவனம் அழியலாம், ஆட்சி மாறலாம், போர் மூளலாம். குழியோ இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே, ‘பின்னர் செய்வோம்’ என்னும் சொல்லின்மீது ஓர் ஊரின் கிணறுகளை அடகு வைத்தல் அறிவுடைமையாகாது. போரொன்றின் நடுவே வாழ்ந்த மக்களுக்கு இதனைப் பிறர் வந்து கற்பிக்க வேண்டியதில்லை.

பொன்னாவெளியின் வினா

இப்பின்னணியிலேயே கிளிநொச்சி மாவட்டத்தின் பூநகரிப் பிரதேசத்துப் பொன்னாவெளியிலே எழுந்த எதிர்ப்பினை நோக்குதல் பொருந்தும். சீமெந்து உற்பத்திக்கென அங்கே சுண்ணக்கல் அகழும் முயற்சி மேற்கொள்ளப்பட்டபோது, வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு முதலிய அயற்கிராமத்தாரும் சேர்ந்து 2023 இல் தொடர்போராட்டத்தில் இறங்கினர். 2024 ஏப்பிரலில் அமைச்சரொருவர் அங்கு சென்றபோது மக்கள் வழிமறித்து நின்றனர். குடிநீருக்காகப் பல மைல் தூரம் அலைந்து பழகிய ஊர்கள் அவை. எஞ்சிய நன்னீரும் உவராகிவிடும் என்பதே அவர்களின் அச்சமாக இருந்தது.

அவ்வச்சம் ஆதாரமற்றதெனக் கூறிவிட முடியாது. புத்தளந் தொடக்கம் யாழ்ப்பாணம் வரையிலான வடமேற்குக் கரையோரத்தின் அடியிலே மயோசீன் காலச் சுண்ணக்கற்படை பரந்துள்ளது. இப்படையின் வெடிப்புகளும் துவாரங்களுமே மழைநீரைத் தாங்கும் கலமாகும். குடத்திலுள்ள நீரைக் காப்பாற்றுவோம், குடத்தை மாத்திரம் உடைத்தெடுத்துச் செல்வோம் என்று ஒருவர் கூறினால் அவரை நகைப்பர். சுண்ணக்கற்படையை வெட்டியெடுத்தும் நிலத்தடி நீருக்குத் தீங்கு நேராதெனக் கூறுபவரோ அறிக்கை எழுதும் நிபுணராக மதிக்கப்படுகின்றார்.

மூன்று வாதங்களும் அவற்றின் வலுவின்மையும்

அகழ்வினை ஆதரிப்போரின் வாதங்கள் பெரும்பாலும் மூன்றில் அடங்கும்.

முதலாவது, அபிவிருத்தி. மீள்குடியேறிய மக்களுக்கு வீடு வேண்டும், வீதி வேண்டும், பாடசாலை வேண்டும். மணலும் கிரவலும் சீமெந்துமின்றி இவை எழா. இவ்வாதம் நேர்மையானது, இதற்கு நேர்மையான விடை கூறுதலே முறை. கூரையின்றித் தறப்பாளின் கீழ் வாழ்ந்தவரிடம் மணல் அள்ளாதே எனக் கூறுவதற்கு எவருக்கும் உரிமையில்லை. ஆனால், ஊரவரின் வீட்டுக்குத் தேவையான மணலின் அளவும் ஊரைவிட்டு வெளியேறும் மணலின் அளவும் ஒன்றல்ல. 2019 டிசெம்பரில் மணல், மண் முதலியவற்றைக் கொண்டு செல்வதற்கான அனுமதிப்பத்திர நடைமுறையை நீக்க அரசு தீர்மானித்தபோதும் ‘ஏழையின் வீடு’ என்பதே காரணமாகக் காட்டப்பட்டது. அதன் பயனாக அகழ்வு கட்டுமீறிப் பெருகியதென்ற முறைப்பாடு நாடெங்கும் எழ, 2020 இல் உயர் நீதிமன்றம் அத்தீர்மானத்தை இடைநிறுத்த வேண்டியதாயிற்று. ஏழையின் வீட்டைக் காட்டிச் செல்வரின் டிப்பருக்கு வழிவிடுதல் அபிவிருத்தியாகாது.

இரண்டாவது, சட்டம். 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டம், அகழ்ந்த நிலத்தை மீளமைக்கும் கடமையை உரிமம் பெற்றவர்மீது சுமத்துகின்றது. அதற்கெனப் பிணைப்பணம் பெறும் ஏற்பாடும் உண்டு. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டமும் 1988 இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும், பேரளவிலான செயற்றிட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டினைக் கட்டாயமாக்கியுள்ளன. அவ்வறிக்கையினைப் பொதுமக்கள் பார்வையிட்டுக் கருத்துரைக்க 30 நாள்கள் வழங்கப்படுகின்றன. ஏட்டளவில் இவை குறைகூற முடியாத ஏற்பாடுகள். ஆனால் இரவிலே மணல் ஏற்றுபவன் பிணைப்பணம் கட்டியவனல்லன். உரிமம் பெற்றவனுங்கூட, பிணைப்பணத்தை இழப்பது குழியை மூடுவதிலும் மலிவாயின், பணத்தையே இழக்கத் துணிவான். மீளமைப்பின் முழுச் செலவுக்கும் குறைந்த பிணைப்பணம் தண்டனையன்று. அது குழியின் விலை. அவ்விலையை அரசு பெற்றுக்கொள்ள, குழியை ஊர் பெற்றுக்கொள்கின்றது.

மூன்றாவது வாதம் மிகவும் வஞ்சகமானது. ‘குழியிலே மழைநீர் தேங்கும், அது குளமாகப் பயன்படும்’ என்பர். வன்னியிலே இவ்வாறு பேசுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். குளத்துக்கு அணைக்கட்டு உண்டு. நீரை அளந்து விடத் துருசு உண்டு. மிகைநீர் கழிய வான் உண்டு. நீரைக் கொண்டுவரும் நீரேந்து நிலமும் நீரைப் பெறும் வயலும் உண்டு. இவையனைத்துக்கும் மேலாக, அதனைப் பேணும் கமக்காரர் உண்டு. கைவிடப்பட்ட குழிக்கு இவற்றுள் எதுவும் இல்லை. அதன் செங்குத்தான கரையிலே வழுக்கி வீழும் பிள்ளைக்கோ கன்றுக்கோ ஏறிவரப் படியில்லை. மாணிக்கக் குழிகளும் கற்குழிகளும் மலேரியா நுளம்பு பெருகும் இடங்களென்பது இலங்கையின் நீண்டகால அனுபவம். 2016 இல் மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழைப் பெற்ற ஒரு நாடு, நுளம்புக்குப் புதிய தொட்டில்களை வெட்டிக் கொடுத்தல் தகுமா?

மீளமைப்பு எதனைச் செய்யும், எதனைச் செய்யாது

நிலமீளமைப்பு முற்றிலும் பொய்யென்று கூறுதல் இங்கு நோக்கமன்று. அது ஓர் அறிவியற்றுறை. அதற்கெனத் தெளிந்த நெறிமுறைகள் உள்ளன. மேல்மண்ணை முதலில் தனியே அகற்றிச் சேமித்தல் வேண்டும். அம்மண்ணிலேயே விதைகளும் வேர்களும் நுண்ணுயிர்களும் வாழ்கின்றன. நெடுங்காலம் குவித்து வைப்பின் அவை இறந்துபடும். பின்னர் குழியின் கரைகளைச் சரிவாக்கி, மழைநீர் வழிந்தோட வழி செய்து, மேல்மண்ணை மீளப் பரப்பி, அந்நிலத்துக்குரிய மரங்களை நாட்டிப் பல ஆண்டுகள் பேணுதல் வேண்டும். புத்தளம் மாவட்டத்தின் அறுவைக்காட்டிலே சீமெந்துக்கெனச் சுண்ணக்கல் அகழப்பட்ட நிலத்தில், உலர்வலயத்துக்குரிய மரங்களை நாட்டும் முயற்சி இலங்கையிலேயே நடைபெற்றுள்ளது. கிரவற்குழியும் உரிய முறையிற் செய்தால் ஒரு தலைமுறைக்குள் பற்றைக்காடாகவேனும் மாறலாம்.

ஆனால் அறுவைக்காடே மற்றொரு பாடத்தையும் தருகின்றது. அங்கே கைவிடப்பட்ட கற்குழிகள், பிற்காலத்திற் கொழும்பு மாநகரின் குப்பையைக் கொட்டும் இடமாகத் தெரிவுசெய்யப்பட்டன. 2018, 2019 ஆம் ஆண்டுகளிற் புத்தளம் மக்கள் வீதியில் இறங்கிப் போராடியது இதனை எதிர்த்தேயாகும். மூடப்படாத குழி வெறுமனே கிடப்பதில்லை. அது அடுத்த தீங்கினை அழைக்கின்றது. கல் கொழும்புக்குச் சென்றது. குப்பை கொழும்பிலிருந்து வந்தது. அகழ்ந்த நிலத்துக்கு உரியவர் எவரெனத் தெளிவாக வரையறுக்கப்படாவிடின் நிகழக்கூடியது இதுவே.

மேலும், மரம் நாட்டுதலால் மீட்கப்படுவது நிலத்தின் தோலேயாகும். சுண்ணக்கற்படையின் துவாரங்களை எக்கலைஞனாலும் மீளச் செதுக்க இயலாது. உவரேறிய நிலத்தடி நீரை நன்னீராக்க மழைக்கே பல்லாண்டுகள் வேண்டும். ஆகவே, மீளமைக்கக்கூடிய அகழ்வு, மீளமைக்க முடியாத அகழ்வு என இருவகை உண்டென்பதை முதலில் ஒப்புக்கொள்ளல் வேண்டும். முன்னதற்கு நிபந்தனை விதிக்கலாம். பின்னதற்கு மறுப்பே விடை. இரண்டையும் ‘மீளமைப்பு’ என்னும் ஒரே சொல்லுக்குள் அடக்குதல் மொழியின்மீது செய்யப்படும் மோசடியாகும்.

உலகின் தீர்ப்பும் உள்ளூர்த் தீர்ப்பும்

பசிபிக் சமுத்திரத்திலுள்ள நவுறு என்னும் சிறுதீவு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் பொசுபேற்றுக்காக அகழப்பட்டது. தீவின் பெரும்பகுதி கூர்ம்பாறைகள் நிறைந்த பாழ்நிலமாயிற்று. விடுதலை பெற்ற அந்நாடு 1989 இல் அவுஸ்திரேலியாவுக்கு எதிராகச் சர்வதேச நீதிமன்றத்திலே வழக்குத் தொடுத்தது; 1993 இல் அவுஸ்திரேலியா 107 மில்லியன் டொலர் வழங்க உடன்பட்டது. பணம் வந்தது, நிலம் திரும்பவில்லை. வழக்குத் தொடுத்துப் பணம் பெற்றும் வாழ்விடத்தை மீட்கவியலாத இந்நிலை, பிந்திய நீதியின் எல்லையைக் காட்டுகின்றது.

முந்திய நீதிக்கு எடுத்துக்காட்டு இலங்கையிலேயே உண்டு. அனுராதபுர மாவட்டத்தின் எப்பாவலையிலே பொசுபேற்றுப் படிவினைப் பல்தேசியக் கம்பனியொன்றிடம் ஒப்படைக்கும் முயற்சிக்கெதிராக, அவ்வூர் விவசாயிகள் உள்ளிட்டோரும் ஒரு விகாரையின் பிக்குவும் உயர் நீதிமன்றத்தை நாடினர். முறையான ஆய்வும் சுற்றாடல் தாக்க மதிப்பீடும் நிறைவுறும் வரை ஒப்பந்தம் எதுவும் செய்தலாகாதென 2000 ஆம் ஆண்டில் நீதிமன்றம் தீர்த்தது. இயற்கை வளம் அரசின் தனியுடைமையன்று, மக்கட்காக அது தாங்கி நிற்கும் பொறுப்பு என்னும் கருத்தும், பண்டைய குளங்களும் கால்வாய்களும் உணர்த்தும் மரபும் அத்தீர்ப்பிலே இடம்பெற்றன. எப்பாவலைக் கமக்காரனுக்குக் கிடைத்த நீதி, பொன்னாவெளிக் கமக்காரனுக்கும் உருத்திரபுரத்துக் கமக்காரனுக்கும் மறுக்கப்படுதற்குக் காரணம் எதுவுமில்லை. அந்நீதி வானிலிருந்து விழவில்லை. குழி தோண்டப்படுமுன்னரே மக்கள் எழுந்து நின்றமையாற் கிடைத்தது.

செய்யத்தக்கவை

கண்டனத்தோடு நின்றுவிடும் எழுத்துப் பயன் தராது. ஆகவே நான்கு கோரிக்கைகள் முன்வைக்கப்படல் வேண்டும். ஒன்று, வடமாகாணத்திலே கைவிடப்பட்ட குழிகள் அனைத்தையும் அளந்து பதிவு செய்து, காங்கேசன்துறை தொடக்கம் அவற்றை மீளமைக்கும் பணி தொடங்கப்படும் வரை, பேரளவிலான புதிய அகழ்வுக்கு உரிமம் வழங்காதிருத்தல். இரண்டு, பிணைப்பணத்தை மீளமைப்பின் முழுச் செலவுக்கும் குறையாமல் முற்கூட்டியே பெறுதலும், அதனை விடுவிப்பதற்கு அவ்வூர்க் கமக்காரர் அமைப்பின் ஒப்புதலைக் கட்டாயமாக்குதலும். மூன்று, குளங்களின் நீரேந்து நிலத்திலும், அணைக்கட்டுக்குக் கீழேயுள்ள ஆற்றுப்படுகையிலும், பரவைக்கடலை அண்டிய தாழ்நிலத்திலும் வணிக அகழ்வினை முற்றாக விலக்குதல்.

நான்காவது கோரிக்கை அரசை நோக்கியதன்று, பல்கலைக்கழகத்தை நோக்கியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரிலே அமைந்துள்ளன. மண்ணியல் கற்பவரும் நீரியல் கற்பவரும் உருத்திரபுரத்துக் கிணறுகளுக்கு வெகு அண்மையிலேயே வாழ்கின்றனர். ஒவ்வொரு கிராமத்திலும் சில கிணறுகளைத் தெரிந்து, அவற்றின் நீர்மட்டத்தையும் உவர்த்தன்மையையும் மாதந்தோறும் அளந்து பதிவு செய்வது மாணவர் குழுவொன்றின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று. அகழ்வுக்கு முன்னர் கிணறு எவ்வாறிருந்தது என்னும் பதிவு இல்லாமையினாலேயே, அகழ்வுக்குப் பின்னர் எழும் முறைப்பாடு ‘ஆதாரமற்றது’ எனத் தள்ளப்படுகின்றது. சுற்றாடல் அறிக்கை வெளிவரும் 30 நாள்களுக்குள் புதிய ஆதாரத்தைத் திரட்ட எந்தக் கமக்காரனாலும் இயலாது. அவ்வாதாரத்தை முன்னரே திரட்டி அவன் கையிற் கொடுத்தலே கல்வி கற்றோர் ஆற்றத்தக்க தொண்டாகும்.

பண்டைக்காலத்திற் குளம் அமைத்தவர்களின் பெயர்களை வன்னி பெரும்பாலும் மறந்துவிட்டது. அவர்கள் அமைத்த குளங்களோ இன்றும் நெல் விளைவிக்கின்றன. குழி தோண்டியவர்களின் பெயர்களும் ஒருநாள் மறக்கப்படும். அன்று உருத்திரபுரத்திலே கிணற்று நீரை அள்ளி வாயில் வைக்கும் பிள்ளை, அந்நீரின் சுவையைக் கொண்டே இத்தலைமுறையை அறிந்துகொள்ளும்.